வசூல் பெட்டியின் சாவி: விமான டிக்கெட் வரியும் அரசுகளின் நிலைப்பாடும் – ஒரு நிகழ்வு ஆய்வு

2006 ஜூலை 1 முதல் பிரான்ஸ் மண்ணிலிருந்து விமானம் ஏறுகிற ஒவ்வொருவரின் டிக்கெட்டிலும் ஒற்றுமை வரி என்ற பெயரில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. ஐரோப்பாவுக்குள் எகானமி வகுப்பில் போனால் 1 யூரோ. பிசினஸ், முதல் வகுப்பு என்றால் 10 யூரோ. ஐரோப்பாவைத் தாண்டிப் போனால் 4 யூரோ, 40 யூரோ. பாரிஸில் இறங்கி விமானம் மாறிப் போகிறவர்களுக்கு விலக்கு. ஆண்டுக்கு 20 கோடி யூரோ திரட்டுவது இலக்கு. அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் பிரான்ஸுக்கு வெளியே இருந்தது: ஏழை நாடுகளுக்கான எய்ட்ஸ், காசநோய், மலேரியா மருந்துகள்.

வளர்ச்சி உதவிக்காக உலக அளவில் வரி போடலாம் என்ற பேச்சு அப்போதே பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. நாணயப் பரிமாற்ற வரி, ஆயுத விற்பனை வரி, கார்பன் வரி, கப்பல் போக்குவரத்து வரி என்று பேச்சோடு நின்றுபோன யோசனைகள் ஏராளம். இவற்றுக்கு நடுவே டிக்கெட் வரி மட்டும் சட்டமாகி, வசூலாகி, மருந்தாகவும் மாறியது. எந்த அரசு எதற்காக இதை ஆதரித்தது, எது எதற்காகக் குறுக்கே நின்றது, ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து அந்த வரி எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் இங்கே விஷயம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுகள் மல்லுக்கு நின்றது பணத்தை நினைத்து என்பதைவிட, வசூல் பெட்டியின் சாவி யார் கையில் இருக்கும் என்பதை நினைத்துத்தான். டிக்கெட் வரியில் யாரும் யாரிடமும் சாவியை ஒப்படைக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அது பிழைத்தது. பிற்பாடு தடம் மாறியதும் அதனால்தான்.

பேச்சாகவே இருந்த காலம்

பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இல் தீர்மானம் போட்டது. சுவீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்து, லக்சம்பர்க் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தான் அதை எட்டின. மற்ற இடங்களில் பட்ஜெட் நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் கத்தி விழுவது வெளிநாட்டு உதவியின் மேல்தான். உதவி பெறுகிறவர்களுக்கு அந்த நாட்டில் ஓட்டு கிடையாது என்பது எந்த நிதியமைச்சருக்கும் தெரிந்த விஷயம். ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் தயவை எதிர்பார்க்காமல் தானாக வந்து சேர்கிற பணம் வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது அங்கேதான்.

அந்த எண்ணத்துக்குக் கிடைத்த முதல் பெயர் டோபின் வரி. பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டோபின் 1972இல் இதை முன்வைத்தபோது ஏழை நாடுகளுக்கான உதவி அவருடைய முதல் நோக்கமாக இருக்கவில்லை. நாணயச் சூதாட்டத்தின் வேகத்தைக் குறைப்பதுதான் நோக்கம். உதவி நிதிக்கான கருவியாக அதை எடுத்துக்கொண்டவர்கள் 1990களின் இயக்கங்கள். கனடாவின் மக்களவை 1999இல் ஆதரவுத் தீர்மானமே நிறைவேற்றியது. பிரான்ஸ் ஒரு படி மேலே போய் 2001 கடைசியில் சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். நாணயப் பரிமாற்றத்துக்கு அதிகபட்சம் 0.1 சதவீத வரி. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளும் இதே வரியைக் கொண்டுவந்த பிறகுதான் அமலாகும். அதுவரை நடைமுறையில் விகிதம் பூஜ்ஜியம். 2004இல் பெல்ஜியமும் யூரோ மண்டலம் முழுவதும் சேர்ந்தால்தான் என்று நிபந்தனை போட்டு ஒரு சட்டம் இயற்றியது. "நான் தயார், முதலில் நீ இறங்கு" என்பதைச் சட்ட மொழியில் எழுதினால் இப்படித்தான் வரும்.

ஐ.நா. பக்கமிருந்து வந்த குரலுக்குக் கிடைத்த வரவேற்பு இன்னும் சூடானது. 1996 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் பேசிய ஐ.நா. பொதுச்செயலாளர் புட்ரோஸ் புட்ரோஸ்-காலி, சர்வதேச விமானப் பயணத்தின் மேல் ஒரு சிறிய வரி விதித்து ஐ.நா.வுக்கு நிதி திரட்டலாம் என்ற யோசனையைத் தொட்டுக் காட்டினார். அதே மாதமே அமெரிக்க செனட்டில் பாப் டோல் ஒரு மசோதாவை வைத்தார்: ஐ.நா. அமெரிக்கர்கள் மேல் எந்த வரியும் விதிக்கக் கூடாது, விதிக்க முயன்றால் அமெரிக்கா தன் பங்களிப்பை நிறுத்தும். அந்த மசோதாவின் சாரம் பிற்பாடு அமெரிக்காவின் ஒதுக்கீட்டுச் சட்டங்களுக்குள் நிபந்தனையாக நுழைந்தது. 1999இல் ஐ.நா. பாக்கியை அடைக்க அமெரிக்கா ஒப்புக்கொண்டபோதும் வரி விதிக்கக் கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று.

2002 மார்ச்சில் மெக்சிகோவின் மான்டெர்ரே நகரில் வளர்ச்சி நிதி மாநாடு கூடியது. மெக்சிகோவின் முன்னாள் அதிபர் எர்னெஸ்டோ செடில்லோ தலைமையிலான குழு அதற்கு முந்தைய ஆண்டே அறிக்கை தந்திருந்தது. உலகக் கார்பன் வரி, சர்வதேச வரி அமைப்பு ஆகியவற்றைப் பரிசீலிக்கச் சொல்லியிருந்தது. மாநாட்டின் இறுதி ஆவணத்தில் மிஞ்சியது என்ன? புதுமையான நிதி ஆதாரங்களை "ஆராய்வதன்" பயனை அங்கீகரிக்கிறோம், அவை வளரும் நாடுகள் மேல் அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது என்ற ஒரு பத்தி. வரி என்ற நேரடிச் சொல் அந்தப் பத்தியில் கரைந்துபோயிருந்தது.

அமெரிக்கா சொன்னது என்ன, சொல்லாதது என்ன

அமெரிக்காவுக்குப் பணம் கொடுக்க மனமில்லை, அதனால்தான் எதிர்த்தது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தேதிகள் வேறு கதை சொல்கின்றன. மான்டெர்ரே மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்பு அதிபர் புஷ், மில்லேனியம் சவால் கணக்கு என்ற புதிய திட்டத்தை அறிவித்தார். ஆண்டுக்கு 500 கோடி டாலர் கூடுதல் உதவி என்பது அதன் வாக்குறுதி. 2003 ஜனவரியில் எய்ட்ஸ் ஒழிப்புக்கு ஐந்தாண்டில் 1,500 கோடி டாலர் என்று பெப்ஃபார் திட்டத்தை அறிவித்தார். பிரான்ஸின் டிக்கெட் வரி ஆண்டுக்கு எதிர்பார்த்த 20 கோடி யூரோவோடு ஒப்பிட்டால் இவை மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆக, கை நீட்டிக் கொடுப்பதில் அமெரிக்காவுக்குப் பிரச்சினை இல்லை. யாருக்கு, எவ்வளவு, என்ன நிபந்தனையில் என்பதைத் தன் காங்கிரஸ் முடிவு செய்ய வேண்டும் என்பதில்தான் பிடிவாதம். 2004 செப்டம்பரில் நியூயார்க்கில் பசி, வறுமை ஒழிப்புக்கான தலைவர்கள் கூட்டத்தில் அமெரிக்காவின் சார்பில் பேசிய விவசாயத் துறைச் செயலர் ஆன் வெனமன் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: உலக வரிகள் அடிப்படையிலேயே ஜனநாயக விரோதமானவை, அவற்றை நடைமுறைப்படுத்தவும் முடியாது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்ற முழக்கத்தில் பிறந்த நாடு அது. அந்த வாதத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வரி விதிக்கிறவரைத் தேர்தலில் தோற்கடிக்க மக்களால் முடிய வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான்.

ஆனால் வாதத்தின் அடுத்த பாதி பலவீனமானது. ஒவ்வொரு நாடும் தன் பாராளுமன்றத்தில் சட்டம் இயற்றி, தன் மண்ணிலேயே வசூலித்து, வசூலை ஒரு பொது நோக்கத்துக்குக் கொடுத்தால் ஜனநாயகம் எங்கே கெடுகிறது? பிரான்ஸ் அதிபர் ஷாக் சிராக் பிடித்தது இந்த ஓட்டையைத்தான்.

ஏன் விமான டிக்கெட்?

2004 ஜனவரியில் ஜெனிவாவில் சிராக், பிரேசில் அதிபர் லூலா, சிலி அதிபர் ரிகார்டோ லாகோஸ், ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் நால்வரும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். ஸ்பெயின், ஜெர்மனி, அல்ஜீரியா பின்னால் சேர்ந்தன. செப்டம்பரில் நியூயார்க் பிரகடனத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆதரவு கிடைத்தது. ஆதரவுக் கையெழுத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உருப்படியான வேலை நடந்தது ஜான்-பியர் லாண்டோ தலைமையில் சிராக் அமைத்த குழுவில். அது அரசு அதிகாரிகள், பொருளாதார அறிஞர்கள், தொண்டு நிறுவனத்தினர், தொழில்துறையினர் எல்லோரும் உட்கார்ந்த குழு. எல்லா யோசனைகளையும் தராசில் வைத்துப் பார்த்தார்கள். நாணயப் பரிமாற்ற வரிக்கு எல்லா நிதி மையங்களும் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று ஒதுங்கினாலும் வியாபாரம் அங்கே ஓடிவிடும். விமான எரிபொருள் வரி சூழலுக்கு நல்லது. ஆனால் 1944இன் சிகாகோ ஒப்பந்தம் வெளிநாட்டிலிருந்து வரும் விமானத்தின் டாங்கில் இருக்கும் எரிபொருளுக்கு வரி விலக்கு தருகிறது. நாடுகளுக்கிடையிலான நூற்றுக்கணக்கான இருதரப்பு ஒப்பந்தங்கள் அந்த விலக்கை உள்ளூரில் நிரப்பும் எரிபொருளுக்கும் நீட்டித்திருக்கின்றன. அத்தனையையும் மாற்றி எழுதுவது நடக்கிற காரியமில்லை.

டிக்கெட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பயணி எந்த விமான நிலையத்தில் ஏறுகிறாரோ அந்த நாட்டுக்கு வரி. விமான நிலையத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வரியில்லா நாட்டுக்கு ஓட முடியாது. எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் ஒரே விகிதம் என்பதால் பாரபட்சம் என்று வழக்குப் போடவும் இடமில்லை. வசூலுக்குப் புது அலுவலகம்கூடத் தேவைப்படவில்லை. பிரான்ஸில் சிவில் விமானப் போக்குவரத்து வரி ஏற்கெனவே இருந்தது. விமான நிறுவனங்கள் எத்தனை பயணிகளை ஏற்றினோம் என்று மாதாமாதம் விமானப் போக்குவரத்துத் துறைக்குக் கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. அதே கணக்கில், அதன் மேல் இன்னொரு தொகையாக இதைச் சேர்த்தார்கள். 2005 டிசம்பர் 30 தேதியிட்ட திருத்த நிதிச் சட்டத்தில் இடம்பெற்று, ஆறு மாதத்தில் அமலுக்கு வந்தது. உலக வரி என்று மேடைகளில் முழங்கப்பட்ட ஒன்று, நடைமுறையில் ஏற்கெனவே இருந்த ஒரு வரியின் துணை வரியாகப் பிறந்தது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த இடம் இது. மேடையில் சிராக் பேசியதைவிட, இந்தப் படிவ வேலை கெட்டிக்காரத்தனமானது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. வறுமைக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம், ஏன் எங்கள் பயணிகள் மட்டும் கட்ட வேண்டும் என்று கேட்டது. நேர்மையான கேள்வி. சம்பந்தம் எதுவும் இல்லை. வசூலிக்க வசதியாக இருக்கிறது, கட்டக்கூடியவர்கள் பறக்கிறார்கள், அவ்வளவுதான். விமானம் மாறும் பயணிகளுக்கு விலக்கு வந்ததும் பாரிஸ் மையமாக இயங்கும் நிறுவனங்கள் அருகிலுள்ள போட்டி விமான நிலையங்களிடம் வியாபாரத்தை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான். வரி வந்த பிறகும் பிரான்ஸின் விமானப் போக்குவரத்து வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

ஒதுங்கி நின்றவர்களின் கணக்கு

பிரிட்டன் நடுவில் நின்றது. அப்போதைய நிதியமைச்சர் கார்டன் பிரவுனுக்குச் சொந்தமாக ஒரு திட்டம் இருந்தது: எதிர்கால உதவி வாக்குறுதிகளை ஈடாகக் காட்டி இன்றே பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டுவது. அது தடுப்பூசிக்கான சர்வதேச நிதி வசதியாக உருப்பெற்று, 2006 நவம்பரில் 100 கோடி டாலருக்கு முதல் பத்திரம் வெளியிட்டது. குறிப்பிட்ட வரியைக் குறிப்பிட்ட செலவுக்குக் கட்டிவைப்பது பிரிட்டிஷ் கருவூலத்துக்கு எப்போதுமே ஆகாது. கடைசியில் பிரவுன் ஒரு வழி கண்டுபிடித்தார். பிரிட்டனில் விமானப் பயணி வரி 1994 முதலே இருந்தது. புதிதாக எதுவும் விதிக்காமல், அந்த வருமானம் போய்ச் சேரும் கருவூலத்திலிருந்தே ஒரு பங்கைப் பல ஆண்டு வாக்குறுதியாகத் தந்துவிட்டு பிரான்ஸின் திட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

நார்வேயும் அப்படித்தான். விமான எரிபொருள் மேலிருந்த கார்பன் வரியில் ஒரு பகுதியைக் கொடுத்தது. பிரேசில், திட்டத்தின் தந்தைகளில் ஒருவரான லூலாவின் நாடு, டிக்கெட் வரி போடாமல் பட்ஜெட்டிலிருந்து பணம் தந்தது. சிலி ஒரு பயணிக்கு 2 டாலர் வைத்தது. தென்கொரியா 2007இல் வெளிநாடு செல்லும் ஒவ்வொருவருக்கும் 1,000 வோன் விதித்தது. காமரூன், காங்கோ, மடகாஸ்கர், மாலி, மொரீஷியஸ், நைஜர் ஆகியவையும் வரியைக் கொண்டுவந்தன.

ஜெர்மனியும் ஜப்பானும்தான் சுவாரசியமானவை. ஜெர்மனி 2005இல் ஆதரவுக் குழுவில் இருந்தது. ஆனால் வரியைக் கொண்டுவரவில்லை. சுற்றுலா, விமானத் தொழில், அண்டை நாட்டு விமான நிலையங்களின் போட்டி என்று வழக்கமான காரணங்கள் சொல்லப்பட்டன. 2011 பிறந்ததும் அதே ஜெர்மனி விமானப் பயண வரியைக் கொண்டுவந்தது: தூரத்தைப் பொறுத்து 8, 25, 45 யூரோ. பிரான்ஸின் எகானமி விகிதத்தைவிடப் பல மடங்கு. பணம் முழுக்க ஜெர்மனியின் பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்க. ஜப்பானில் இந்த வரியை ஆதரித்து எம்.பி.க்கள் குழுவே இயங்கியது. 2010இல் புதுமை நிதிக்கான நாடுகள் குழுவுக்கு ஜப்பான் தலைமையும் தாங்கியது. டிக்கெட் வரி வரவில்லை. 2019 ஜனவரியில் நாட்டைவிட்டுப் புறப்படும் ஒவ்வொருவருக்கும் 1,000 யென் வரி வந்தது. செலவிடுவது ஜப்பானின் சொந்தச் சுற்றுலா வசதிகளுக்கு.

பயணிகள் ஓடிவிடுவார்கள், தொழில் நசிந்துவிடும் என்று சொன்ன பயமெல்லாம், வருமானம் தன் கஜானாவுக்கு என்றதும் எங்கே போயிற்று? சொன்ன காரணம் ஒன்று, உள்ளே இருந்த காரணம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரு மாத்திரையின் விலை

2006 செப்டம்பரில் பிரான்ஸ், பிரேசில், சிலி, நார்வே, பிரிட்டன் ஐந்தும் சேர்ந்து யுனிடெய்ட் அமைப்பைத் தொடங்கின. ஜெனிவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் நிழலில் இயங்குகிற சிறிய அமைப்பு. பிரான்ஸின் டிக்கெட் வரியில் பெரும்பகுதி இங்கேதான் வந்தது. தொடக்க ஆண்டுகளில் யுனிடெய்டின் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் பிரான்ஸுடையது. ஒரு சிறு பங்கு தடுப்பூசிப் பத்திரத் திட்டத்துக்குப் போனது.

யுனிடெய்ட் எடுத்துக்கொண்ட முதல் வேலைகளில் ஒன்று, எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்கான மருந்து. பணக்கார நாடுகளில் அப்படிப் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலரே. ஆகவே குழந்தைகளுக்கென்று மருந்து செய்ய எந்தக் கம்பெனிக்கும் ஆர்வம் இல்லை. ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுத்தார்கள்; இல்லாவிட்டால் குளிர்பெட்டி தேவைப்படுகிற சிரப். கிளின்டன் அறக்கட்டளையின் எய்ட்ஸ் திட்டத்தோடு சேர்ந்து யுனிடெய்ட் செய்தது இதுதான்: பல ஆண்டுகளுக்கு இவ்வளவு வாங்குவோம் என்று உறுதியாகக் கொள்முதல் ஒப்பந்தம் போட்டது. வாங்க ஆள் நிச்சயம் என்றதும் இந்திய ஜெனரிக் நிறுவனங்கள் மூன்று மருந்தை ஒன்றாக்கிக் குழந்தைகளுக்கான சிறு மாத்திரை தயாரித்தன. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்குச் சுமார் 200 டாலராக இருந்த செலவு, சில மாதங்களிலேயே 60 டாலர் அளவுக்கு இறங்கியது. 2020இல் குழந்தைகளுக்கான டோலுடெக்ராவிர் மாத்திரையிலும் அதே பாணி. 480 டாலருக்கு மேலிருந்த ஆண்டுச் செலவு 120 டாலருக்குக் கீழே வந்தது. 2010இல் யுனிடெய்ட் நிறுவிய மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பு, மலிவு விலை மருந்துக்கு உரிமம் பெற்றுத் தரும் வேலையை இன்றும் செய்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது தொகையைவிடப் பணம் வந்த விதம். மருந்து நிறுவனம் உற்பத்திக் கோட்டை மாற்றியமைக்க வேண்டுமானால் மூன்று, நான்கு ஆண்டுக்கு ஆர்டர் உறுதியாக இருக்க வேண்டும். ஆண்டு பட்ஜெட்டிலிருந்து வரும் உதவியை நம்பி அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. வரி அதை முடியவைத்தது. பிரான்ஸ் அரசு சொன்ன காரணங்களிலேயே காலம் நிரூபித்தது இந்த ஒன்றைத்தான்.

கட்டாயம் வேண்டாம், விரும்பினால் கொடுக்கட்டும் என்று சொன்ன அரசுகளும் உண்டு. 2005இல் ஐரோப்பிய நிதியமைச்சர்கள் கூடியபோதே நாடுகள் கட்டாய வரியாகவோ விருப்பப் பங்களிப்பாகவோ எப்படியும் செய்துகொள்ளலாம் என்றுதான் சமரசமானார்கள். விருப்பப் பங்களிப்புக்கும் சோதனை நடந்தது. யுனிடெய்டின் தலைவராக இருந்த ஃபிலிப் டூஸ்த்-பிளாஸி 2010இல் மாசிவ்குட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்: ஆன்லைனில் டிக்கெட் வாங்கும்போது ஒரு கிளிக்கில் 2 டாலர் கூடுதலாகத் தரலாம். திட்டத்தை உருவாக்க இறைத்த பணத்தோடு ஒப்பிட்டால் வந்தது சொற்பம். 2011இல் மூட்டை கட்டினார்கள்.

வளரும் நாடுகளின் சங்கடம்

பணம் பெறும் பக்கம் இருந்த அரசுகள் எல்லாம் கைதட்டி வரவேற்றதாக நினைத்தால் தப்பு. 0.7 சதவீத வாக்குறுதியிலிருந்து நழுவ இது சாக்காகிவிடும் என்ற சந்தேகம் அவற்றுக்கு முதலிலிருந்தே இருந்தது. மான்டெர்ரே ஆவணத்தில் சுமை பற்றிய அந்த வாசகம் நுழைந்ததும் சும்மா இல்லை. சுற்றுலாவை நம்பி வாழும் தீவு நாடுகளுக்கு விமான டிக்கெட்டில் ஏறும் ஒவ்வொரு காசும் வயிற்றில் அடிக்கும்.

பிரிட்டனின் பயணி வரி விஷயத்தில் கரீபியன் நாடுகள் நடத்திய போராட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2009இல் பிரிட்டன் தூர அடிப்படையில் நான்கு அடுக்கு வைத்தது. தூரத்தை அளந்தது லண்டனிலிருந்து அந்த நாட்டின் தலைநகருக்கு. அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டன். ஆகவே பசிபிக் நடுவிலிருக்கும் ஹவாய்க்குப் போகிறவர் கட்டிய வரி, அதைவிட வெகு அருகிலுள்ள பார்படோஸுக்குப் போகிறவர் கட்டியதைவிடக் குறைவு. கரீபியன் அரசுகள் ஆண்டுக்கணக்கில் முட்டி மோதி, 2015இல்தான் அந்த அடுக்குகள் ஒன்றாக்கப்பட்டன. வரி நல்லதா கெட்டதா என்ற பெரிய வாதத்தைவிட, அளவுகோலை யார் எங்கே வைக்கிறார் என்பது சிறிய அரசுகளுக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரிந்தது.

21 கோடிக் கூரை

பிரான்ஸில் அந்த வரிக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்பது பலரும் பேசாத பகுதி.

2014இல் விகிதத்தைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். 1 யூரோ 1.13 ஆனது, நெடுந்தூர எகானமியின் 4 யூரோ 4.51 ஆனது. கூடவே வளர்ச்சி நிதிக்குப் போகும் தொகைக்கு ஆண்டுக்கு 21 கோடி யூரோ என்று உச்சவரம்பு இருந்தது. விமானப் பயணிகள் பெருகப் பெருக வசூலும் பெருகியது. கூரைக்கு மேல் வழிந்த பணம் ஏழை நாடுகளுக்குப் போகாமல் விமானப் போக்குவரத்துத் துறையின் கணக்குக்குத் திரும்பியது. 2020இல் சூழலின் பெயரால் 1.50 முதல் 18 யூரோ வரை கூடுதல் தொகையை அதே வரியில் ஏற்றினார்கள். அது உள்நாட்டுப் போக்குவரத்துக் கட்டமைப்புக்கு. எகானமி பயணியின் 1.13 யூரோ 2.63 ஆயிற்று. வரியின் பெயரில் ஒற்றுமை என்ற சொல் அப்படியே இருந்தது.

2025 மார்ச் 1இல் வந்தது பெரிய அடி. ஐரோப்பிய எகானமிக்கு 2.63 யூரோ 7.40 ஆனது. மிக நீண்ட தூர எகானமிக்கு 7.51 யூரோவிலிருந்து 40 யூரோ. அதே தூரத்துக்கு பிசினஸ் வகுப்பில் 120 யூரோ. 2006இல் பிசினஸ் வகுப்புக்காரர் கட்டிய தொகையை இப்போது எகானமியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகிறவர் கட்டுகிறார். கூடுதலாக எதிர்பார்த்த வருமானம் ஆண்டுக்கு 80 கோடி யூரோ அளவுக்கு. போய்ச் சேருவது நாட்டின் பொது பட்ஜெட்டுக்கு. வளர்ச்சி உதவியில் 200 கோடி யூரோவுக்கு மேல் வெட்டியதும் அதே ஆண்டு பட்ஜெட்தான்.

சாவி பாரிஸிலேயே இருந்ததால் இதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்தம் எதுவும் மீறப்படவில்லை. மீற ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தால்தானே. பிரான்ஸை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல: மற்ற பல நாடுகள் ஆரம்பத்திலேயே தனக்கென்று எடுத்துக்கொண்டதை, பிரான்ஸ் கிட்டத்தட்ட இருபது ஆண்டு கழித்துச் செய்திருக்கிறது.

சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும்

எதிர்த்திசைச் சோதனையும் 2025லேயே நடந்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல்களின் கார்பன் வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் திட்டத்தை ஏப்ரலில் ஒப்புதல் நிலைக்குக் கொண்டுவந்தது. கப்பல்கள் கட்டும் பணம் எந்த நாட்டுக் கஜானாவுக்கும் போகாது. அமைப்பின் கீழ் இயங்கும் ஒரு சர்வதேச நிதிக்கு நேராகப் போகும். இத்தனை ஆண்டாகப் பேசிவந்த உண்மையான சர்வதேச வரிக்கு இவ்வளவு நெருக்கமாக எதுவும் வந்ததில்லை. அமெரிக்கா ஏப்ரலிலேயே பேச்சுவார்த்தையிலிருந்து வெளியேறியது. அக்டோபரில் இறுதி வாக்கெடுப்பு நெருங்கியபோது, ஆதரிக்கும் நாடுகளுக்கு விசா கட்டுப்பாடு, துறைமுகக் கட்டணம் என்று எச்சரித்தது. சவுதி அரேபியா கொண்டுவந்த ஒத்திவைப்புத் தீர்மானம் 57க்கு 49 என்ற கணக்கில் வென்றது. முடிவு ஓராண்டு தள்ளிப்போனது. 1996இல் பாப் டோல் வைத்த மசோதாவின் வாடை முப்பது ஆண்டு கழிந்தும் போகவில்லை.

இந்தப் பின்னணியில்தான் புதிய கூட்டணியைப் பார்க்க வேண்டும். பிரான்ஸ், கென்யா, பார்படோஸ் மூன்றும் தலைமை தாங்கும் உலக ஒற்றுமை வரிப் பணிக்குழு 2023 முதல் இயங்குகிறது. 2025 ஜூன் கடைசியில் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய வளர்ச்சி நிதி மாநாட்டில், பிசினஸ், முதல் வகுப்புப் பயணிகள் மேலும் தனியார் ஜெட் விமானங்கள் மேலும் வரி விதிக்க விரும்பும் நாடுகளின் கூட்டணி அறிவிக்கப்பட்டது. ஸ்பெயின், பெனின், சியரா லியோன், சோமாலியா, ஆன்டிகுவா பார்புடா ஆகியவை உடன் சேர்ந்தன. அமெரிக்கா அந்த மாநாட்டிலிருந்தே விலகிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் டிக்கெட் வரியை எதிர்த்துப் போராடிய பார்படோஸ் இப்போது முன்வரிசையில் நிற்பதற்கு விளக்கம் சுலபம்: எகானமி சுற்றுலாப் பயணியைத் தொடாத வரி இது.

வடிவம் பழையதுதான். ஒவ்வொரு நாடும் தன் சட்டம், தன் வசூல். எனவே சட்டமாவதில் பெரிய தடை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கூட்டணியில் இன்னும் சில நாடுகள் சேரவும் கூடும். வசூலில் எவ்வளவு பங்கு எல்லை தாண்டிப் போகும், அதற்கு உச்சவரம்பு உண்டா, பயணிகள் பெருகினால் அந்தப் பங்கும் தானாகப் பெருகுமா, ஒரு நிதியமைச்சர் தனித்து அதைத் திருப்பிவிட முடியுமா என்ற நான்கு கேள்விக்கும் ஒவ்வொரு நாட்டுச் சட்டத்திலும் என்ன விடை எழுதுகிறார்கள் என்று தேட வேண்டும். பிரான்ஸின் 2005 சட்டம் மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கு எந்தப் பூட்டும் போடவில்லை. யுனிடெய்டுக்கு அதன் விலை, வளராமல் நின்றுபோன அந்த 21 கோடி.